வாதுமை மரத்தடிக் கல்மேசை

பேருந்து நிற்கும் இடத்தில் காரை நிறுத்துகிறவர்களைக் கண்டாலே பாப்பம்மாளுக்கு ஆகாது. சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து செம்பவாங்குக்கும் உட்லண்ட்ஸுக்கும் அரை ஆயுள் பேருந்து ஓட்டியவள் அவள். ‘இதோ ரெண்டே நிமிஷம்’ என்று கையைக் காட்டிவிட்டு ரொட்டிக் கடைக்குள் ஓடுகிற ஆளை அவள் சும்மா விட்டதாகச் சரித்திரமே கிடையாது. கத்தமாட்டாள், ஹாரன் அடிக்கமாட்டாள். இருக்கையிலிருந்து எழுந்து அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பேருந்தில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து பார்ப்பார்கள். அந்த ஆள் பாதி தின்ற பரோட்டாவோடு ஓடிவந்து காரை எடுப்பான். பொது இடம் என்றால் எல்லாருக்கும் கொஞ்சம், யாருக்கும் முழுசாக இல்லை என்பது அவள் கட்சி. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் கட்சி மாறவில்லை.

கணவர் முத்தையா இதற்கெல்லாம் நேர்மாறு. செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். நாளெல்லாம் முகமூடிக்குள் இருந்து பழகியதாலோ என்னவோ, பேச்சு கம்மி. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பேசுவது, மருந்தகத்தில் பேசுவது, மகளின் ஆசிரியரிடம் பேசுவது, தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறிக்காரரிடம் மல்லுக்கு நிற்பது எல்லாம் பாப்பம்மாளின் இலாகா. முத்தையா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. கால் மெல்ல மெல்லத் திரும்பியது, நாலு முனை ஊன்றுகோலோடு நடக்கிற அளவுக்கு. பேச்சும் திரும்பியதுதான், ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. பாப்பம்மாளுக்குப் புரிந்தது. மற்றவர்களுக்குப் புரியவில்லை. ஒரு நாள் காப்பிக் கடையில் அவர் ஏதோ கேட்க, கவுண்டரில் இருந்த இளைஞன் “என்ன அங்கிள்?” என்றான். மறுபடி சொன்னார். மறுபடி “என்ன அங்கிள்?” மூன்றாவது முறை அவன் அவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். அவளும் சட்டென்று சொல்லிவிட்டாள். உதவி என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவம்.

அன்றோடு முத்தையா வெளியே போவதை நிறுத்திவிட்டார். கோயில் வேண்டாம், தேக்கா வேண்டாம், மகள் யாமினி பொங்கோலில் புது வீடு வாங்கிக் குடிபோனபோது அதுவும் வேண்டாம். நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் நடக்கச் சொன்னார், மகள் கெஞ்சினாள், பாப்பம்மாள் அதட்டினாள். மனுஷன் அசையவில்லை.

அவரை வெளியே இழுத்தது ஒரே ஒரு மேசை. செம்பவாங் கடற்கரையில், நடைபாதை முடிகிற இடத்தில், ஒரு பெரிய வாதுமை மரம் இருக்கிறது. அதன் அடியில் சிமெண்டுக் கல்லில் ஒரு மேசை, சுற்றிலும் நாலு கல் முக்காலி. மேசையின் மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் பதித்திருக்கும். பட்டறை நாட்களிலிருந்தே அது அங்கே இருக்கிறது. யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதில் முத்தையாவும் ஜலாலுதீனும் டாம் ஆடுவார்கள். போத்தல் மூடிகளை வைத்து ஆடுகிற ஆட்டம்தான். ஒருவருடைய மூடிகள் மல்லாக்க, மற்றவருடையவை குப்புற. ஜலாலுதீன் அதே பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டியவர். முத்தையா இப்படி முடங்கிப் போனதும் வீட்டுக்கு வந்து, நலமா என்றுகூடக் கேட்காமல், மூடிப் பையைக் குலுக்கிக் காட்டினார். முத்தையா எழுந்துவிட்டார்.

டாம் ஆடப் பேச்சு வேண்டாம். இடது கை போதும். ஊன்றுகோலோடு மணலில் இறங்கித் தடுமாற வேண்டியதில்லை, நடைபாதையிலிருந்து நேராக முக்காலிக்கே போய்விடலாம். எதிரே ஜொகூர் கரை, நடுவில் கப்பல்கள், தலைக்கு மேல் நிழல். தினமும் சாயங்காலம் பேருந்தில் வந்து இறங்குவார்கள். பாப்பம்மாள் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து கடலையும் ஆட்டத்தையும் ஒரே கண்ணில் கவனித்துக்கொள்வாள். அவர் ஜெயித்தால் வீட்டுக்கு வந்து கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவார். அதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்தில் இருந்த பழைய கட்டடத்தில் ஒரு கஃபே வந்தது. வரட்டும், காப்பி நல்ல காப்பிதான். முதலில் சுவரை ஒட்டி இரண்டு நாற்காலி வெளியே வந்தது. அப்புறம் அந்த நாற்காலிகளுக்குத் துணையாக மேசை. மேசைக்கு வெயில் படக்கூடாதே என்று குடை. குடைக்குக் கீழே புல் தேய்ந்துவிடுமே என்று பலகைத் தளம். பிறகு மணலில் மூட்டை மூட்டையாக மெத்தைகள், அவற்றைச் சுற்றி ஒரு கயிறு, கயிற்றில் ‘வாடிக்கையாளருக்கு மட்டும்’ என்று ஒரு அட்டை. ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்து உட்காருகிற கப்பல் பட்டறைத் தம்பிகள் மெல்ல மெல்லக் கழிப்பறைப் பக்கமாக ஒதுங்கினார்கள். கடலை மட்டும்தான் இன்னும் பட்டா போடவில்லை. அதற்கும் யோசித்துக்கொண்டிருப்பார்கள் என்று ஜலாலுதீன் சொன்னார்.

கல்மேசைக்குக் குறி வைக்கிறார்கள் என்று பாப்பம்மாளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஒரு நாள் அதன் மேல் மெனு அட்டை இருந்தது, இன்னொரு நாள் பூச்சாடி. அவள் அதற்கு இந்த ஊர் மருந்தையே எடுத்தாள். காலையில் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் கடற்கரைக்கு வந்து, இடம் பிடித்தாயிற்று என்பதற்கு அடையாளமாக மேசை நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனாள். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன் அடுத்தவன் இடத்துக்குக் கோர்ட்டு வரை போவானே தவிர, மேசையில் இருக்கிற டிஷ்யூ பாக்கெட்டைத் தொடமாட்டான். கஃபே பிள்ளைகளும் தொடவில்லை. பூச்சாடி போய்விட்டது. மேசையைத் துடைக்கும்போதுகூட பாக்கெட்டைத் தூக்கி, துடைத்து, அதே இடத்தில் வைத்தார்கள். சில வாரம் இப்படி நிம்மதியாகப் போயிற்று.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் போனபோது கல்மேசையைக் காணோம். அதாவது மேசை இருந்தது, ஆனால் அதன் மேல் வெள்ளைத் துணி, துணிமேல் மூன்று அடுக்குக் கேக், பக்கத்தில் நீலக் குடை. யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். கேக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவே அவளுடைய டிஷ்யூ பாக்கெட்டை மரியாதையாக எடுத்து வைத்திருந்தார்கள்.

கஃபேயைப் பார்த்துக்கொள்கிறவன் பிரேம் என்று ஒரு ஈசூன் பையன். முப்பது வயதிருக்கும். நல்ல மரியாதை தெரிந்தவன், அதுதான் எரிச்சல். பாப்பம்மாள் கேட்டதற்கு, டிஷ்யூவை யாருமே எடுக்கவில்லை, அது அங்கேயேதான் இருக்கிறது என்றான். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் புக்கிங், பெரிய பார்ட்டி, மன்னிக்க வேண்டும் என்றான். அங்கிள் வேண்டுமானால் மெத்தையில் உட்காரட்டும், காப்பி இலவசம் என்றான். அந்த மெத்தையில் உட்கார்ந்தால் நல்ல காலுள்ளவனே எழுந்திருக்க நாலு பேர் வேண்டும். பாப்பம்மாள் பேருந்திலிருந்து பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். கேக் வெட்ட வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பிப் பார்த்தபோது முத்தையா நடைபாதையில் பாதி தூரம் போயிருந்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நாற்காலி மறுபடி சன்னல் பக்கம் திரும்பியது. ஜலாலுதீன் வீட்டுக்கே மூடிப் பையோடு வந்தார். முத்தையா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். சாப்பாட்டில் பாதி தட்டிலேயே இருந்தது. இந்த முறை உட்கார்ந்தால் இந்த மனுஷன் எழுந்திருக்கவே மாட்டார் என்று பாப்பம்மாளுக்குத் தோன்றியது.

பிறகு அவள் செய்ததுதான் பெரிய கூத்து. இந்த ஊரில் எதற்கும் கம்ப்ளெயின் செய்யலாம். கைப்பேசியில் அதற்கென்றே ஒரு செயலி இருக்கிறது. பாப்பம்மாள் கடற்கரைக்குப் போய், அடுத்த பார்ட்டிக்காகத் துணியும் குடையும் போட்டிருந்த கல்மேசையை நன்றாகப் படம் எடுத்தாள். யாமினி ஒரு தடவை சொல்லிக் கொடுத்தபடி, படத்தின் மேல் விரலால் சிவப்பு வட்டம் போட்டாள். மேசை தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று அதைச் சுற்றி இரண்டு தடவை வட்டம் போட்டாள். ‘கஃபே பொது இடத்தை எடுத்துக்கொள்கிறது, தயவுசெய்து அகற்றவும்’ என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டு, அன்றைக்குக் கோழிக்குழம்பு வைத்தாள்.

நடவடிக்கை எடுக்கமாட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நாலைந்து நாளில் எடுத்துவிட்டார்கள். பாப்பம்மாள் ஆசையாகப் பார்க்கப் போனாள். மரமேசை, நாற்காலி, குடை, மெத்தை, கயிறு எல்லாவற்றிலும் மஞ்சள் ஸ்டிக்கர். அனுமதியில்லாத பொருள், வியாழக்கிழமை அகற்றப்படும். கல்மேசையிலும் மஞ்சள் ஸ்டிக்கர். மற்றவற்றில் ஒன்று, அதில் மட்டும் இரண்டு. அவள்தானே இரண்டு வட்டம் போட்டாள்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து ஸ்டிக்கரில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் பேசிய பெண் கருத்துக்கு நன்றி சொன்னாள், வியாழக்கிழமை அதிகாரி வருவார், அவரிடம் சொல்லலாம் என்றாள். கடைசியில் எழுந்து, யாரிடம் போகக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாளோ அந்தப் பிரேமிடமே போனாள்.

பிரேம் அவளை உட்காரச் சொன்னான். கஃபே முதலாளிக்கு இதில் வருத்தமே இல்லை என்றான். நாற்காலிகளை உள்ளே இழுத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் கல்மேசை போனால் அந்த நிழலடி காலியாகிவிடும். அப்புறம் முறைப்படி மனுப் போட்டு அந்த இடத்தை வாடகைக்கே எடுத்துவிடலாம், நீ ஒன்றும் பேசாதே என்று முதலாளி சொல்லியிருக்கிறாராம். பாப்பம்மாள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கோபப்படவில்லை.

“தம்பி, எங்க வீட்டுக்காரரு அந்த மேசைக்காகத்தான் வீட்ட விட்டு வெளிய வராரு,” என்றாள். “வேற எதுக்கும் வரமாட்டேங்கிறாரு. வியாழக்கெழம நீ உண்மைய மட்டும் சொல்லு, போதும்.”

பிரேம் சங்கடமாகக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். “நான் சம்பளத்துக்கு இருக்கிறவன்லா ஆண்ட்டி. பாக்குறேன்,” என்றான்.

வீட்டுக்குப் போய் முத்தையாவிடம் நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. திட்டு வாங்கி அவளுக்குப் பழக்கமில்லை, திட்டி அவருக்கும் பழக்கமில்லை. வட்டம் போட்ட படத்தைக் காட்டினாள். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பதறிப் பக்கத்தில் போனால், மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துவிட்டு, வியாழக்கிழமைக்குச் சட்டையை இஸ்திரி போட்டு வை என்றார்.

வியாழக்கிழமை காலையில் லாரி வருவதற்கு முன்பே முத்தையாவும் ஜலாலுதீனும் கல்மேசையில் மூடிகளைப் பரப்பி உட்கார்ந்துவிட்டார்கள். ஆடிக்கொண்டிருக்கிற மேசையை எவன் தூக்குகிறான் பார்ப்போம் என்றார் ஜலாலுதீன். அதிகாரியாக வந்தது அனுப்ரியா என்று ஒரு இளம்பெண். கையில் ஒரு டேப்லெட், பின்னால் லாரியிலிருந்து இறங்கிய ஆட்கள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவள் இவர்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். பாப்பம்மாள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டறைக் காலம், மரம், மேசை, கேக் எதையும் விடவில்லை.

அனுப்ரியா பொறுமையாகக் கேட்டாள். அலுவலகத்து வரைபடத்தில் இந்தக் கல்மேசை இல்லை என்றாள். அப்புறம் டேப்லெட்டைத் திருப்பி, துணியும் குடையும் போட்ட மேசையையும் இரண்டு சிவப்பு வட்டத்தையும் காட்டினாள். “இதை எடுக்கச் சொல்லி கம்ப்ளெயின் பண்ணது நீங்கதானே ஆண்ட்டி?”

பாப்பம்மாளுக்கு வாயடைத்துப் போயிற்று. வாழ்க்கையில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. அனுப்ரியா பிரேமைப் பார்த்தாள். இந்த மேசை கடையுடையதா என்று கேட்டாள். பிரேம் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தான். லாரி ஆட்கள் கடப்பாரையை இறக்கினார்கள்.

அப்போது முத்தையா பேசினார். மேசைக் கட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலேதான் பேசினார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அனுப்ரியா குனிந்து, “என்ன அங்கிள்?” என்றாள்.

பாப்பம்மாளுக்குப் புரிந்துவிட்டது. சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் ஓடுகிற பேருந்தைத் திடுமென நிறுத்தியபோதுகூட அவளுக்கு அவ்வளவு சிரமமாக இருந்ததில்லை. அவர் மறுபடி சொன்னார். அனுப்ரியாவுக்கு மறுபடியும் புரியவில்லை, ஆனால் அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பவில்லை. டேப்லெட்டை இடுக்கிக்கொண்டு, காலியாக இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். முத்தையா அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“அவனுக்கு… டாம்… ஆடத் தெரியாது. மேச… எப்படி… அவனுதாகும்?”

அனுப்ரியாவுக்கு இப்போது புரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அவள் பிரேம் பக்கம் திரும்பி, டாம் ஆடத் தெரியுமா என்று கேட்டாள். பிரேம் கழுத்தைத் தேய்த்தான். தெரியாது என்றான்.

“அங்கிள் சொல்றது கரெக்ட்தான். நாங்க வர்றதுக்கு முன்னாடியே இது இங்க இருக்கு. எங்களோடது மத்தது எல்லாம்,” என்றான்.

அதன் பிறகு அனுப்ரியா யாருக்கோ போன் பண்ணினாள், படம் எடுத்தாள், டேப்லெட்டில் ஏதோ தட்டினாள். கடைசியில் கல்மேசையில் இருந்த இரண்டு ஸ்டிக்கரையும் நகத்தால் சுரண்டிப் பிய்த்தாள். ஆட்கள் குடையையும் மெத்தைகளையும் கயிற்றையும் லாரியில் ஏற்றினார்கள். முதலாளி போனில் பிரேமைக் காய்ச்சி எடுத்தாராம், வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லையாம். காப்பி போட வேறு ஆள் கிடைக்க வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை பட்டறைத் தம்பிகள் கழிப்பறைப் பக்கத்திலிருந்து திரும்பி வந்து மணலில் பாய் விரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது காப்பி வாங்குவது பிரேமிடம்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் பாப்பம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது முத்தையா அங்கே குறுக்கே நின்றார். நீ வர வேண்டாம் என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கேட்டாள். அவர் பதில் சொல்ல நேரமெடுத்தது. அவளும் பேசாமல் காத்திருந்தாள்.

“நீ பக்கத்துல இருந்தா… ஜலால் பயந்துகிட்டு… வேணும்னே தோக்குறான் பாப்பா. இத்தன நாளா… நான் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. எல்லாம் அவன் விட்டுக்குடுத்தது. எனக்கு… நெஜமா ஆடணும்.”

பாப்பம்மாள் செருப்பைக் கழற்றினாள். அவர் ஜெயித்த சாயங்காலங்களை நினைத்துத்தானே அவள் அன்றாடம் நிம்மதியாகத் தூங்கினாள். தாழ்வாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். அவர் லிஃப்டிலிருந்து வெளியே வந்து, நிதானமாக நடந்து, பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். பேருந்து வந்தது. ஓட்டுநரிடம் அவர் என்னவோ சொன்னார். ஓட்டுநர் குனிந்து கேட்டார், திரும்பவும் கேட்டார், பிறகு தலையாட்டினார். அவர் உட்காரும் வரை வண்டியை எடுக்கவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பின்னாலேயே ஓடலாமா என்று நூறு தடவை தோன்றியது, ஓடவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் திரும்பி வந்தார். சட்டை முதுகில் வியர்த்திருந்தது, முகமெல்லாம் சிவந்திருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டாள். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“தோத்துட்டேன்,” என்றார். “மூணு ஆட்டமும்.”

அப்புறம் தானே தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.